கிளட்ச் போகாத வண்டி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் செங்கோடன். நெடுங்கொரையில் பஸ் திரும்பும் மைதானத்துக்கு மேலே, பச்சை இரும்புக் கதவு போட்ட வீட்டில், இன்றைக்கும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான். இரண்டாவதாக அநியாயம் செய்த ஆளின் பெயரையும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் வரிசை மாறக் கூடாது, முதலில் அவன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், மார்கழி மாதத்தில், மைதானத்துப் புல்லெல்லாம் உப்புப் பூத்தது போல உறைபனி விழுந்த ஒரு நாள், மதியத்துக்கு மேல், என் மனைவி மதலேனாளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. இழுப்பு அவளுக்குப் புதிதில்லை. இரண்டு குட்டி மூச்சு, அப்புறம் ஒரு நீள மூச்சு, அதன் முடிவில் குழந்தை ஊதுகிற மாதிரி ஒரு சின்ன விசில். முப்பத்தாறு வருடம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவன் நான், அது நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். அன்றைக்கு நீள மூச்சு வரவில்லை. குட்டி மூச்சுகள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஒரு ஆளைப் படுக்க வைத்து மலையிறக்கக்கூடிய வண்டி நெடுங்கொரையில் அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, செங்கோடன் கல்யாண சவாரிக்கென்று புதிதாக வாங்கியிருந்த வேன். நான் ஓடினேன். அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தாழைத் திறக்காமலே, "கிளட்ச் போயிருச்சுங்கண்ணா" என்றான்.

"தெற. நான் பாக்கறேன்."

"பிளேட்டே கருகிப் போச்சுங்க. கோயமுத்தூர்ல இருந்து வரோணும்."

"தெறடா, செங்கோடா. என் தொழிலே அதுதான். தெற, ஒரு தரம் அடியில படுத்துப் பாத்துட்டுப் போயிடறேன்."

அவன் திறக்கவில்லை. நான் போகவுமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெற தெற என்று சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றேன். கீழே ரோட்டில் பால் ஜீப் ஹாரன் அடித்தது, தினமும் மூன்று மணிக்கு மேட்டுப்பாளையம் இறங்குகிற ஜீப், அது என் காதில் விழுந்தது, இரண்டாம் தரமும் விழுந்தது, ஆனால் அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது, தெரிந்த பிறகு அந்தக் கம்பியிலிருந்து என் கை வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினபோது தேயிலை எடுக்கிற பக்கத்து வீட்டுப் பவளம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மதலேனாளின் கை அவள் மடியில் கிடந்தது. "ரெண்டு தரம் உங்களைக் கேட்டாங்கண்ணே" என்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தையும் செங்கோடன் கணக்கில்தான் நான் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், கல்லறைத் தோட்டத்து மண் என் செருப்பில் காயாமல் இருக்கும்போதே, அந்த வேன் முகப்பில் வாழைக்குருத்தும் செவ்வந்தி மாலையும் கட்டிக்கொண்டு என் பட்டறையைத் தாண்டிப் போனது. "பிளேட் வந்துருச்சுங்க" என்று ஓட்டுகிற இடத்திலிருந்தே தலையை நீட்டிச் சொன்னான். அதற்கப்புறம் வண்டியை என்னிடம் அவன் கொண்டு வரவே இல்லை, எல்லா வேலையும் கோத்தகிரியில். எனக்கு அவனிடமிருந்து வரவேண்டியது ஒரே ஒரு பேச்சு. 'அன்னைக்கு வண்டி நல்லாத்தான் இருந்துச்சு' என்று அவன் வாயால், என் முகத்தைப் பார்த்து, ஒரு தரம். அதைச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் அது எனக்கு வரவேண்டியது.

போன கார்த்திகையில் அவனே வந்தான். வேனைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு அட்டைப் பெட்டியை மாப்பிள்ளை வீட்டுத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினான். கல்யாண சவாரி குறைந்துபோய், சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, சன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் வைத்து, அதை வேன் வீடாக ஆக்கி, வெளியூரிலிருந்து மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்களுக்குக் குளிர் தாங்கவில்லை. பெட்டிக்குள் இருந்தது ஏர் ஹீட்டர், டீசலில் எரிகிறது, பனி தேசங்களில் வண்டிக்குள்ளே அனல் காற்று ஊதுவதற்கு வைப்பது. நான் வாலிபத்தில் லடாக் பக்கம் ரோடு போடுகிற ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் லாரி வேலை பார்த்தவன். அங்கே இது இல்லாத லாரியில் டிரைவர் ஏற மாட்டான்.

"கோத்தகிரியில ரெண்டு பேர்த்துக்கிட்டக் காட்டினனுங்க. ஒருத்தன் இதென்ன குக்கரான்னு கேக்கறான்" என்றான்.

"இன்னொருத்தன்?"

"அவன் உங்களத்தான் சொன்னானுங்க."

நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். "கிளட்ச் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குங்க."

"அப்பவும்?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "டீ சொல்லட்டுங்களாண்ணா" என்றான்.

வேலையை ஒத்துக்கொண்டேன். வண்டிக்கு அடியில் படுக்கலாம் அல்லவா, ஐந்து வருடமாகப் படுக்க விடாத வண்டி. கட்டிலுக்குக் கீழே தரைத் தகட்டில் வட்டமாக ஓட்டை வெட்டி ஹீட்டரை உட்கார வைத்து, அது காற்று இழுக்கிற குழாயையும் புகை விடுகிற குழாயையும் ஓட்டை வழியாக அடிப்பக்கம் இறக்குவதற்கு முதுகில் நகர்ந்து உள்ளே போனேன். போனதும் முதலில் கிளட்ச்சைத்தான் பார்த்தேன். கிளட்ச்சை மூடியிருக்கிற இரும்புக் கூட்டை முடுக்கியதும், போல்ட் தலையிலிருந்து கூட்டின் மேல் வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவது அந்த வேனைச் செய்கிற கம்பெனியின் வழக்கம்; யாராவது ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் கோடு அறுந்துவிடும், பிறகு எவ்வளவு ஒழுங்காக முடுக்கினாலும் அறுந்த கோடு பழையபடி சேராது. கழிவுத் துணியால் சேற்றைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எட்டு போல்ட். எட்டுக் கோடும் அறுபடாமல், நேற்று வரைந்தது மாதிரி இருந்தது. அந்தக் கிளட்ச்சை இந்த நாள் வரைக்கும் ஒருத்தனும் திறந்ததில்லை.

வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அதைக் காட்டியிருக்கலாம். காட்டினால் 'பெயிண்டுதானுங்களே' என்பான். போல்ட் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, அவன் சொல்ல வேண்டும். மேலே ஏறி மீதி வேலையைப் பார்த்தேன். அனல் போகிற குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சு கொஞ்சம் குறைந்தது. பட்டறையில் பேட்டரிகளைப் பனியிலிருந்து மூடிவைக்க மதலேனாளின் பழைய அரக்குக் கம்பளிச் சால்வை கிடந்தது. அதைக் கிழிக்காமல் அப்படியே இரண்டு சுற்றுச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டினேன்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோ" என்று செங்கோடனிடம் சொன்னேன். "நிறுத்தற பொத்தானை அமுக்கினதும் இது நிக்காது. உள்ள இருக்கற சூடு ஆறணும். மூணு நிமிஷம் வெறுமனே மூச்சு விடும். அந்த மூணு நிமிஷத்தை யாரும் அறுக்கக் கூடாது."

"சரிங்க" என்றான்.

ஹீட்டரைப் போட்டேன். முதலில் காற்றாடி சுற்றியது, பிறகு டீசல் பம்ப் கடிகாரம் போல டிக் டிக் என்றது, பிறகு அடுப்பு பிடிக்கிற சத்தம் வந்தது, எல்லாம் வரவேண்டிய வரிசையில் வந்தன. அப்புறம் கட்டில் ஓரத்துக் காற்று வாயிலிருந்து இரண்டு குட்டி மூச்சு வந்தது. பிறகு ஒரு நீள மூச்சு. அதன் முடிவில் சின்ன விசில். வண்டி முழுக்க அவள் நெஞ்சில் தடவுகிற தைலமும் ஈரக் கம்பளியும் மணந்தது.

செங்கோடன் குனிந்து கேட்டான். "கொஞ்சம் இழுக்குதுங்களே."

"அவளுக்கு அப்படித்தான்" என்றேன்.

இலையை எடை போட்டுவிட்டு வெறும் கூடையோடு அந்த வழியாக வந்த பவளம் நின்றாள், கழுத்தைச் சாய்த்தாள், படியில் கால் வைத்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "மதலேன் அக்கா," என்றாள், "எப்ப வந்தீங்க?" ரப்பர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஏறி, அட்டை கடித்த ஈரக் காலை நீட்டிக் காற்று வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, இந்த வருடம் குச்சி இலை அதிகம் என்றும் மேஸ்திரி எடையில் விளையாடுகிறான் என்றும், ஐந்து வருடத்தில் விட்டுப்போனதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நான் டீசல் குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றினேன், நிற்கவில்லை. செங்கோடன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப டீசல் மிச்சமுங்க" என்றான்.

மறுநாள் காலையில் வேனைச் சுற்றி இருபது ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. தேயிலை எடுக்கிற பெண்கள் எட்டு எட்டுப் பேராக ஏறி, கால் காய்ந்ததும் இறங்கினார்கள், அடுத்த எட்டுப் பேர் ஏறினார்கள், யாரும் யாரையும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, வரிசை தானாக நின்றது. பிறந்து பதினைந்து நாளான குழந்தைகளைக் கொண்டுவந்து காற்று வாய்க்கு முன்னால் சேலையை விரித்துப் போட்டார்கள். டீக்கடை காசிம் பாய்க்குப் பனிக்காலத்தில் பன் மாவு பொங்குவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. அவர் மாவுத் தட்டுகளைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கினார், ஒரு மணி நேரத்தில் மாவு துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது, அந்த மார்கழி முழுக்க நெடுங்கொரையில் சாப்பிட்ட பன்னில் லேசாகத் தைல வாசனை இருந்தது, ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் பழக்கங்கள் வந்துவிட்டன. வண்டிக்குப் பக்கத்தில் யாரும் மிளகாய் வறுக்கக் கூடாது என்று ஆனது, ஏனென்றால் வாடகைக்கு வந்த ஒரு வெளியூர்க் குடும்பம் தெரியாமல் உள்ளே மோர் மிளகாய் வறுத்துவிட, ஹீட்டர் அன்றைக்கு மதியம் முழுக்க இருமியது, இருமி இருமி வண்டியே ஆடியது, தேயிலை எடுக்கிறவர்கள் மலைச்சரிவிலேயே கூடையை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். "அவங்க எங்க அக்கா," என்று பவளம் அந்தக் குடும்பத்துக்குச் சொன்னாள், "நெஞ்சு சரியில்லாதவங்க, பாத்து நடந்துக்குங்க." அவர்கள் மன்னிப்புக் கேட்டு, மீதி இரண்டு நாளும் ரொட்டியும் வாழைப்பழமுமே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கிராமத்துச் செவிலி ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, ஸ்டெதஸ்கோப்பைக் காற்று வாயில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டு, 'பழைய இழுப்பு, ஆவி பிடிக்கவும்' என்று சீட்டில் எழுதிக்கொடுத்தாள். அதன்படி தினமும் பானையில் தைல இலை போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து ஹீட்டர் காற்று இழுக்கிற பக்கம் வைத்தார்கள், அதற்கப்புறம் விசில் சத்தம் பாதியாகக் குறைந்தது. பங்குச் சாமியார் வந்தார், ஷூவைக் கழற்றினார், காலுறையையும் கழற்றிக் காய வைத்தார், சாகும்போது மதலேனாளுக்கு அவஸ்தைப் பூசுதல் நடந்ததா என்று கேட்டார். நடக்கவில்லை என்றார்கள். அவர் எண்ணெயைத் தொட்டுக் காற்று வாயின் தகட்டில் சிலுவை போட்டு ஜெபம் சொன்னார், ஜெபம் முடிகிறவரை மூச்சு அடங்கி நடந்தது, முடிந்ததும் பழையபடி நடந்தது. பஞ்சாயத்தில், வண்டி வாடகைக்குப் போகலாம், ஆனால் மைதானத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். எப்படி வந்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எப்போது போவாள் என்றும் கேட்கவில்லை.

செங்கோடனும் உட்கார்ந்தான். கூச்சமே இல்லாமல், கட்டில் தலைமாட்டில், காற்று வாய்க்கு ஒரு முழம் பக்கத்தில். அவன் காது சிவக்க சிவக்க அனல் வீசியது. மனைவியை இழந்து தனியாக இருக்கிறவன், அந்தப் பெரிய வீட்டில் அவனுக்கும் குளிர்தான் போல. என் மனைவியின் மூச்சில் அவன் கையைத் திருப்பித் திருப்பிக் குளிர் காய்ந்தான்.

இப்போது இரண்டாவது பெயரைச் சொல்கிறேன். மதலேனாள். எனக்கு மட்டும் அவள் சூடாக வீசவில்லை.

முதல் நாள் நான் அதைக் குழாயின் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் எல்லாரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சத்தம் வந்தது, வாசனை வந்தது, காற்று மட்டும் பனிக் காற்று. பொங்கல் கழிந்த ஒரு சாயங்காலம் பவளம் என் கையைப் பிடித்து அவள் கைக்குப் பக்கத்தில், காற்று வாய்க்கு நேரே வைத்தாள். அவள் கை வியர்த்தது. என் நகம் நீலமானது.

"கோவமா இருக்காங்க போலண்ணே" என்றாள்.

"எதுக்குக் கோவம்? நான் என்ன பண்ணேன்?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அன்னைக்கு பால் ஜீப் ஹாரன் அடிச்சப்போ, அக்கா அதைக் கேட்டாங்கண்ணே. 'அந்தா, ஜீப்பைப் பிடிச்சிட்டாரு, வந்துருவாரு'ன்னாங்க. செருப்பை எடுத்து வைக்கச் சொன்னாங்க. நான் எடுத்து வெச்சேன்."

"அவன் திறந்திருந்தா ஜீப் எதுக்கு?"

"சரிண்ணே" என்றாள் பவளம்.

அதற்கப்புறம் நான் வண்டிக்குள் ஏறவில்லை. அடியில் படுக்க ஆரம்பித்தேன். புகைக்குழாயைப் பிடித்திருக்கிற கிளாம்ப்பை முடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, தினமும் ஒரு ஸ்பேனரோடு முதுகில் நகர்ந்து உள்ளே போய், நான் வெட்டிய வட்ட ஓட்டைக்கு நேர் கீழே காதை வைத்துக்கொண்டு கிடப்பேன். அங்கே என்னைக் குளிரில் நடுங்குகிறவனாக யாரும் பார்க்க முடியாது. "கிளாம்ப் இன்னும் முடுக்கலியாண்ணே? போற போக்கப் பாத்தா வண்டியே சுருங்கிரும்" என்று பெண்கள் மேலிருந்து கேலி பேசுவார்கள். கண்ணெதிரே எட்டு மஞ்சள் கோடுகளும் இருக்கும். மூச்சைக் கேட்டுக்கொண்டே அந்தக் கோடுகளை எண்ணுவேன். ஒன்று முதல் எட்டு வரை எண்ணினால் அவள் நான்கு தரம் மூச்சு விட்டிருப்பாள்.

மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. பனி விட்டுக்கொண்டிருந்த காலம். கோயிலில் பூசை நடந்ததால் மைதானத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. நான் அடியில் கிடந்தேன். தலைக்கு மேலே வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தது, செங்கோடனின் கனம் எனக்குத் தெரியும், அவன் ஏறிக் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"அக்கா," என்றான். "அன்னைக்கு வண்டி நல்லாத்தானுங்க இருந்துச்சு."

ஓட்டை வழியாக ஒவ்வொரு சொல்லும் என் நெற்றியில் விழுவது போல விழுந்தது.

"புது வண்டிங்க. மூணாம் நாள் சிறுமுகையில கல்யாணம் பிடிச்சிருந்தனுங்க. நீங்க எறங்கற வழியில வண்டிக்குள்ளயே போயிட்டீங்கன்னா, சாவு உழுந்த வண்டின்னு அப்பறம் ஒரு பொண்ணு மாப்பிள ஏறுவாங்களான்னு நெனச்சுட்டனுங்க. அண்ணன் கம்பியப் புடிச்சுட்டு நிக்கறாரு, நான் தாழப் புடிச்சுட்டு நிக்கறன். தெறக்கலாம்னு ஒரு தரம் கை போச்சுங்க. தெறந்தா பொய்யின்னு ஆயிருமேன்னு தெறக்கல. இப்பப் பாருங்க. நீங்க இருக்கற வண்டின்னுதான் ஒருத்தரும் எறங்கமாட்டீங்கறாங்க."

இரண்டு குட்டி மூச்சு வந்தது. நீள மூச்சு வந்தது. விசில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சீரான, இறங்கு முகமான காற்றுச் சத்தம், சுருதி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே போகிற சத்தம், அந்தச் சத்தத்தை இந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஹீட்டர் ஆறத் தொடங்கியிருந்தது. யாரும் பொத்தானை அமுக்கவில்லை. மூன்று நிமிடம் இருந்தது.

முட்டியும் தலையும் அடிபட வெளியே நகர்ந்து எழுந்து, வண்டிக்குள் ஏறினேன். செங்கோடன் என்னைப் பார்த்ததும் கையைக் காற்று வாயிலிருந்து எடுத்துக்கொண்டான். நான் அவனுக்கும் காற்று வாய்க்கும் நடுவில், அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"இப்பச் சொன்னதைச் சொல்லு."

"அண்ணா, நீங்க எங்க இருந்து..."

"சொல்லு. என்னைப் பாத்து இன்னொரு தரம் சொல்லு."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லிட்டனுங்க" என்றான்.

"என்கிட்ட?"

சொல்லு என்றேன். சொல்லுடா என்றேன். அஞ்சு வருஷம் என்றேன். எட்டு போல்ட்டையும் சொன்னேன், மஞ்சள் கோட்டைச் சொன்னேன், எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சொன்னேன், சொல்லச் சொல்ல என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் மெலிந்துகொண்டே போனது. ஒரு சமயம் என் முதுகில், தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில், சட்டைக்கு மேலே ஏதோ இதமாகப் பட்டது மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை. அவன் உதடு அசைந்த மாதிரி தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சொல்லவில்லை. பிறகு வண்டிக்குள் எந்தச் சத்தமும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

பூசை முடிந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்கள். வந்தபோது கேட்காத மாதிரியே, போனபோதும் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. "பனியும் விட்டுருச்சு, அக்காவும் கெளம்பிட்டாங்க" என்று காசிம் பாய் மாவுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார், பன் பழைய அளவுக்குச் சின்னதானது. ஆவி பிடிக்கிற பானையைப் பவளம் கழுவிக் கவிழ்த்தாள். கொஞ்ச நாள் வரை, கைக்குழந்தைக்காரிகள் அந்த வழியாகப் போகும்போது தங்களை அறியாமல் துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தை வண்டிப் பக்கம் திருப்பினார்கள், பிறகு அதுவும் நின்றது. முப்பதாம் நாள் பூசைக்குப் பெயர் கொடுத்தார்கள், ஐந்து வருடம் முன்னால் கொடுக்க எனக்குத் தோன்றாத பூசை.

பங்குனியில் செங்கோடன் வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டான், ஹீட்டரைப் பார்க்கச் சொன்னான். பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டுக் கரி இல்லை, ஒரு நாளும் எரியாத மாதிரி பளபளவென்று இருந்தது. சால்வை குழாயோடு அப்படியே இருந்தது, ஆனால் அதில் தைல வாசனை இல்லை, இரும்பு வாசனை வந்தது. அவிழ்க்காமல் விட்டுவிட்டேன். டீசல் குழாயை மாட்டி, ஒயரைக் கொடுத்து, பொத்தானை அமுக்கினேன். டிக் டிக் என்றது, பிடித்தது, வீசியது. இப்போது அது எனக்கும் சூடாகத்தான் வீசுகிறது, டீசல் சூடு, எல்லாருக்கும் ஒரே சூடு. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நிறுத்திவிட்டு, மூன்று நிமிடமும் முடிகிறவரைக்கும் அங்கேயே இருந்தேன்.

அவளிடம் அவன் சொன்னது அவளுக்கு. அதை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள், என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது, அப்படி வாங்கியிருந்தால் அது மூன்றாவது அநியாயம். அவன் எனக்குச் சொல்லவேண்டியது அப்படியே நிற்கிறது.

தினமும் காலையில் பால் வாங்கிக்கொண்டு செங்கோடன் பட்டறையைத் தாண்டித்தான் போகவேண்டும், வேறு வழி இல்லை. நின்று பேசாமல் போகமாட்டான், அந்த மரியாதை இருக்கிறது. "இன்னைக்கு மேகம் ஜாஸ்திங்கண்ணா" என்பான்.

"கிளட்ச் எப்படி இருக்கு?" என்பேன்.

"நல்லாருக்குங்க."

"அப்பவும்?"

பால் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவான். ரோட்டைப் பார்ப்பான். "வரட்டுங்களா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போவான். பச்சைக் கதவு திறக்கிற சத்தமும் தாழ் விழுகிற சத்தமும் எனக்குப் பட்டறையிலிருந்தே கேட்கும். அவனுக்கு அறுபத்திரண்டு, எனக்கு அறுபத்தெட்டு. நாளைக்கும் பால் வாங்க வருவான். நான் இங்கேதான் இருப்பேன்.